பயத்தோடு பழக்கும் கார்ட்டூன் படங்கள்: யாழ்ப்பாணத்துப் பெற்றோரும் முன்பள்ளி ஆசிரியைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கார்ட்டூன் பார்த்தால் பிள்ளையின் பயம் போய்விடுமா?

படம் மட்டும் பயத்தைப் போக்காது. பயத்தோடு பழக ஒரு ஒத்திகை தரும். அந்த ஒத்திகைக்குப் பெறுமதி உண்டு. 1967இல் உளவியலாளர் அல்பேர்ட் பண்டுராவும் அவரோடு வேலை செய்தவர்களும் நாய்க்குப் பயந்த 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். பயமில்லாத ஒரு பிள்ளை ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் நெருங்கி நாயோடு விளையாடியதை இவர்கள் இருந்து பார்த்தார்கள். பார்த்தவர்களில் பலர் பிறகு தாங்களே நாயிடம் போனார்கள். அடுத்த ஆண்டு அதையே படம்பிடித்துக் காட்டினார்கள். அதுவும் பலித்தது. ஒரு பிள்ளையும் ஒரு நாயும் வந்த படத்தைவிட, பல பிள்ளைகள் பல நாய்களோடு பழகிய படம் கூடுதலாகப் பலித்தது.

அவை உண்மைப் பிள்ளைகள் நடித்த படங்கள், கார்ட்டூன் இல்லை. ஆனாலும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதில் இருக்கிறது: படிப்படியாக நெருங்குவதைக் காட்டும் படம் வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட படம் வேண்டும், படம் முடிந்த பிறகு வீட்டில் சின்னச் சின்னப் படிகள் வேண்டும். மூன்றாவதைத்தான் அநேகமான வீடுகளில் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

எந்த வயதில் எதற்குப் பயம் வரும்?

8, 9 மாதத்தில் தெரியாத முகத்தைக் கண்டு அழும். 2 முதல் 4 வயது வரை பெரிய சத்தம், நாய், இருட்டு, அம்மா கண்ணில் படாமல் போவது. 4 முதல் 6 வரை கற்பனை வளரும் காலம். முனி, பேய், பிள்ளைபிடிகாரன், கட்டிலுக்குக் கீழே இருப்பது எல்லாம் அப்போதுதான் வரும். 7 வயதுக்குப் பிறகு நடக்கக்கூடிய விஷயங்கள்: கள்ளன், வெள்ளம், விபத்து, அம்மா அப்பா செத்துப்போவது. 10, 11 வயதில் சோதனையும், மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற எண்ணமும்.

4 வயதுப் பிள்ளையைப் பயப்படுத்துவது தோற்றமும் சத்தமும். 9 வயதுப் பிள்ளையைப் பயப்படுத்துவது "இது எங்கட வீட்டிலயும் நடக்குமோ" என்ற கேள்வி. அதனால் ஒரே படத்தை அண்ணனும் தம்பியும் பார்த்தால் இருவரும் வேறு வேறு இடங்களில் பயப்படுவார்கள். தம்பிக்கு அரக்கன் வரும் இடத்தில் பயம். அண்ணனுக்குத் தகப்பன் சாகும் இடத்தில்.

வயது பற்றி இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். குறைந்தால் இன்னும் நல்லது.

நல்ல படத்தை எப்படித் தெரிவு செய்வது?

கதாநாயகன் பயப்படுகிறானா என்று முதலில் பாருங்கள். பயமே அறியாத வீரன் பயந்த பிள்ளைக்கு உதவ மாட்டான். ஏதோ ஒன்றைத் தின்றுவிட்டு ஒரே குத்தில் அரக்கனை விழுத்தும் கதை நம் பிள்ளைகளுக்கு நல்ல விருப்பம், பார்க்கட்டும், பிழையில்லை. ஆனால் இரவில் எழும்பி மலசலகூடத்துக்குப் போகப் பயப்படுகிற பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. நடுங்குகிறவன், ஒரு தடவை திரும்பி ஓடுகிறவன், பிறகு மறுபடி வருகிறவன்தான் வேண்டும்.

அடுத்தது, அவன் என்ன செய்து சமாளித்தான் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூச்சை இழுத்து விட்டான், ஒருவரின் கையைப் பிடித்தான், கண்ணைத் திறந்து பார்த்தான் என்று பிள்ளை நாளைக்கே செய்யக்கூடியதாக ஒன்று. மந்திரக்கோலால் தீர்ந்த பயம் நம் வீட்டுக்கு உதவாது.

பயந்த பொருளைக் கடைசியில் கொன்றுவிடுகிற கதையைவிட, அது என்ன என்று விளங்கிக்கொள்கிற கதை நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. இருட்டைக் கொல்ல முடியாது. நாயையும் கடலையும் கொல்ல முடியாது. அவற்றோடுதான் பிள்ளை இருக்கப்போகிறது.

பெயர் சொல்லிச் சில படங்கள் சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் "பைப்பர்". பிக்சார் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் நிறுவனம் 2016இல் வெளியிட்ட 6 நிமிடக் குறும்படம். பேச்சு ஒன்றுமே இல்லை. மொழிப் பிரச்சினை கிடையாது. கடற்கரையில் இரை தேடும் ஒரு குருவிக் குஞ்சுக்கு வழமைபோல வாயைத் திறந்தால் தாய் ஊட்டும் என்ற எண்ணம். தாய் ஊட்டவில்லை, தானே வந்து எடுக்கச் சொல்லுகிறது. குஞ்சு வருகிறது, அலை வந்து மூடுகிறது, நனைந்து நடுங்கிக் கூட்டுக்கு ஓடிவிடுகிறது. பிறகு பசி. மறுபடி வரும்போது ஒரு குட்டிச் சங்குநண்டு, அலை வரும் நேரம் மணலைத் தோண்டி உள்ளே இருந்துவிடுவதைக் காண்கிறது. அதைப்போலவே செய்கிறது. அலை தலைக்கு மேல் போகிறது. நண்டு தட்டிக் காட்ட, குஞ்சு தண்ணீருக்குள் கண்ணைத் திறக்கிறது. சிப்பிகள் எல்லாம் மணலிலிருந்து வெளியே தெரிகின்றன.

இந்த 6 நிமிடத்தில் எல்லாம் இருக்கிறது. தாய் இழுத்துக்கொண்டு போகவும் இல்லை, பாவம் என்று ஊட்டி விடவும் இல்லை. குஞ்சு கற்றுக்கொண்டது தன்னிலும் சின்ன ஒன்றிடமிருந்து. பயந்த இடத்திலேயே சாப்பாடும் இருந்தது. 3 வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

"மை நெய்பர் டோட்டோரோ" (ஜப்பான், 1988, 86 நிமிடம்) கெட்டவனே இல்லாத படம். பழைய வீட்டுக்குக் குடிவந்த இரண்டு சகோதரிகள், காற்றடிக்கும் இரவு, குளியலறையில் தகப்பன் உரக்கச் சிரிக்க, பிள்ளைகளும் சேர்ந்து சிரிக்கிறார்கள். 5 வயதிலிருந்து பார்க்கலாம். ஆனால் தாய் ஆஸ்பத்திரியில் இருக்கும் கதை அது; கடைசிப் பகுதியில் தங்கை காணாமல் போய், குளத்தில் ஒரு செருப்பு கிடைக்கும். வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்.

"மான்ஸ்டர்ஸ், இங்க்." (2001, 92 நிமிடம்) அலுமாரிக்குள் ஏதோ இருக்கிறது என்ற பயத்துக்கு நல்ல மருந்து. பிள்ளையின் ஒரு காலுறைக்கே அரக்கர்கள் அலறுவதைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எச்சரிக்கை: அலுமாரிப் பயம் இதுவரை இல்லாத 4 வயதுப் பிள்ளைக்கு இந்தப் படமே அதைக் கொண்டுவரலாம். பயம் ஏற்கெனவே இருக்கிற பிள்ளைக்கு மட்டும் காட்டுங்கள். நல்ல அரக்கன் தன் முகத்தைக் கோரமாக்கிக் காட்ட, அவனோடு ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையே அழும் இடம் வரும். அந்த இடத்தில் பக்கத்தில் இருங்கள்.

"பைண்டிங் நீமோ" (2003, 100 நிமிடம்) உண்மையில் தகப்பனின் பயத்தைப் பற்றிய படம். அதனால் பெற்றோரும் அவசியம் பார்க்க வேண்டும். தலைப்பு வருவதற்கு முன்னுள்ள சில நிமிடங்களில் தாயும் முட்டைகளும் அழிந்துபோகும். 6 வயதுக்குக் கீழே என்றால் தலைப்பிலிருந்து தொடங்கி, "இவற்ற குடும்பத்துக்கு முந்தி ஒரு ஆபத்து வந்தது, அதான் இவர் பிள்ளையை எங்கயும் விடமாட்டார்" என்று ஒரு வசனத்தில் சொல்லிவிடுங்கள். சுறாக்கள் துரத்தும் இடமும் ஆழ்கடலின் இருட்டில் ஒளிகாட்டி வரும் மீனும் அடுத்த இரண்டு கடினமான இடங்கள்.

"லூக்கா" (2021, 95 நிமிடம்) 7 வயதுக்கு மேல். தலைக்குள் "உன்னால ஏலாது" என்று சொல்லும் குரலுக்குப் புரூனோ என்று பேர் வைத்து, வாயை மூடு என்று சத்தம் போடுவார்கள். பிள்ளைகள் இதைக் கெதியாகப் பிடித்துக்கொள்வார்கள். வகுப்பில் உள்ள ஒருவரின் பேரை வைக்க விடாதீர்கள், அது பகிடிவதையாகிவிடும். அந்தப் படத்தில் இப்படிச் சத்தம் போட்டுவிட்டு உயரத்திலிருந்து குதிப்பார்கள், ஓட்டை வண்டியில் பாய்வார்கள். கிணறும் கேணியும் உள்ள ஊரில், எந்தக் குரலை அடக்கலாம், எந்தக் குரல் காப்பாற்றுகிற குரல் என்பதைப் படம் முடிந்த கையோடு கதைக்க வேண்டும். நீந்தத் தெரியாத பிள்ளைக்குக் கிணற்றடியில் வரும் பயம் நல்ல பயம்.

நல்ல பயத்தை விளக்க "இன்சைட் அவுட்" (2015) உதவும். அதில் பயம் ஒரு பாத்திரம். குழந்தை வயர் தடக்கி விழாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

எந்தப் படங்களைத் தள்ளிவைக்க வேண்டும்?

பொம்மைப் படம் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு என்று நினைப்பதுதான் பெரிய பிழை. "கொரலைன்" (2009) பொம்மைகளை அசைத்து எடுத்த அழகான படம், துணிவைப் பற்றியதும்தான். ஆனால் கண்ணிருக்கும் இடத்தில் பொத்தான் தைத்த ஒரு தாய் அதில் வருகிறாள். 10 வயதுக்கு முன் வேண்டாம். "தி குட் டைனோசோர்" (2015) பயந்த குட்டியின் கதை. பட்டியல்களில் அடிக்கடி வரும். அதில் தகப்பன் வெள்ளத்தில் அடிபட்டுப் போகிறார். வெள்ளத்தில் வீடு விட்டு எழும்பிய பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இது வேண்டாம்.

முழுப் படத்தையும் முதலில் பார்க்க எனக்கு நேரமில்லை.

10 நிமிடம் போதும். முதல் 5 நிமிடத்தைப் பாருங்கள்; சாவோ பிரிவோ அநேகமாக அங்கேதான் வரும். பிறகு படத்தின் முக்கால்வாசியில் நிறுத்தி ஒரு 3 நிமிடம் பாருங்கள். மிகப் பயங்கரமான இடம் அந்தப் பக்கத்தில் இருக்கும். கடைசி 2 நிமிடத்தில் எல்லோரும் வீடு வந்து சேர்கிறார்களா என்று பாருங்கள். கண்ட இடங்களின் நிமிடக் கணக்கை ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.

தமிழில் இல்லாத படத்தை என்ன செய்வது?

பேச்சில்லாத குறும்படங்களில் தொடங்குங்கள். நீளப் படம் என்றால் சத்தத்தைப் பாதியாகக் குறைத்து, பக்கத்தில் இருந்து நீங்களே கதை சொல்லுங்கள். உங்கள் குரலிலேயே பாதிப் பயம் அடங்கும். இந்தியத் தமிழில் குரல் கொடுத்த படங்கள் நம் பிள்ளைகளுக்கு விளங்கும்; ஆனால் 4 வயதுப் பிள்ளை வேகமான பேச்சைத் தவறவிட்டால், படத்தில் ஏன் சண்டை பிடிக்கிறார்கள் என்று தெரியாமல் முகங்களையும் சத்தத்தையும் மட்டும் பார்க்கும். காரணம் தெரியாத கோபம் பிள்ளைக்கு மிகவும் பயம் தரும்.

எப்படி இருந்து பார்ப்பது?

பின்னேரம் 4 மணி, 5 மணி நல்ல நேரம். நித்திரைக்கு முன் குறைந்தது 2 மணித்தியாலம் இடைவெளி வேண்டும். லைற்றை அணைக்க வேண்டாம். தியேட்டர் மாதிரி இருட்டாக்கினால் பயம் இரட்டிப்பாகும். கைத்தொலைபேசியைக் கையில் கொடுக்காதீர்கள். முகத்துக்கு அருகில் உள்ள திரையிலிருந்து பிள்ளை விலக முடியாது. ரீவி என்றால் பார்வையைத் திருப்பலாம், கதிரைக்குப் பின்னால் ஒளிக்கலாம், குசினிக்குப் போய் வரலாம். அந்தச் சுதந்திரம் வேண்டும்.

3, 4 வயதுக்கு ஒரு தடவையில் 5 முதல் 10 நிமிடம். 5, 6 வயதுக்கு அரை மணித்தியாலம். 7க்கு மேல் முழுப் படம், நடுவில் ஒரு இடைவேளையோடு. இடைவேளையைப் பயங்கரமான இடம் தீர்ந்த பிறகு விடுங்கள், அதற்கு முன் விடாதீர்கள்.

பயங்கரமான இடம் வர முன் சொல்லிவிடுங்கள்: "இப்ப பெரிய மீன் ஒண்டு துரத்தும். நீமோன்ர அப்பா தப்பிடுவார்." கதையின் சுவை போய்விடும் என்று கவலைப்படாதீர்கள். முடிவு தெரிந்த பிள்ளை கண்ணைத் திறந்து பார்க்கும்.

நடுவில் அழுதால் படத்தை நிறுத்துவதா?

ஒலியை முதலில் குறையுங்கள். பயத்தின் பெரும்பங்கு இசையில் இருக்கிறது. ஒலி போனவுடன் அதே காட்சி சாதுவாகிவிடும். மடியில் தூக்குங்கள், கையைப் பிடியுங்கள், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். பிறகு கேளுங்கள்: "இதை ஓட்டி விட்டிட்டு அவர் தப்பின இடத்தைப் பாப்பமா?" சம்மதித்தால் அந்த இடத்துக்கு நகர்த்தி 2 நிமிடம் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். வேண்டாம் என்றால் வாயால் சொல்லி முடித்துவிடுங்கள்.

பயங்கரமான முகம் திரையில் நிற்க அப்படியே அணைத்துவிட்டு எழும்புவதுதான் கூடாது. பிள்ளையின் மனதில் அந்த அரக்கன் துரத்திக்கொண்டே இருப்பான். இரவில் கனவில் வருவதும் அவன்தான்.

"அது பொய், வெறும் படம்" என்று சொன்னாலும் ஏன் கேட்பதில்லை?

7 வயதுக்குக் கீழே அந்த வசனம் அநேகமாகப் பலிக்காது. பொய் என்று தெரிந்தாலும் கண்ணுக்கு முன்னால் நிற்கும் உருவம் அதைவிடப் பலமானது. 1980களில் அமெரிக்காவில் ஜோஆன் காண்டரும் கிளென் ஸ்பார்க்ஸும் செய்த ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. சாதுவான ஒரு மனிதர் பச்சை நிறப் பூதமாக மாறி நல்லவர்களைக் காப்பாற்றும் ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். சின்னப் பிள்ளைகள் மிகவும் பயந்தது அந்த மாற்றம் நடந்த நேரத்தில். பூதம் நல்லது செய்தது அவர்களுக்குக் கணக்கில் வரவில்லை. பெரிய பிள்ளைகளுக்கு அந்த இடத்தில்தான் பயம் ஆகக் குறைவு.

ஆகவே சின்னப் பிள்ளைக்கு விளக்கத்தைவிட மடியும் கையும் தண்ணீரும் உதவும். 8 வயதுக்கு மேல் படம் செய்யும் விதத்தைக் காட்டுங்கள். கொப்பியின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் சிறிது சிறிதாக நகரும் ஒரு பந்தைக் கீறி, 20 பக்கத்தை விரலால் வேகமாகத் தட்டினால் பந்து குதிக்கும். அரக்கனையும் இப்படித்தான் ஒருவர் இருந்து கீறுகிறார் என்பது அந்த வயதில் நன்றாக ஏறும்.

சூரன் போருக்குக் கூட்டிக்கொண்டு போனால் பிள்ளை அலறுகிறது. இதற்கும் படம் உதவுமா?

உதவும். கேள்வியும் சரியான இடத்தில்தான் தொடுகிறது. கந்தசஷ்டியில் சூரன் ஆனைமுகம், சிங்கமுகம் என்று தலை மாறி மாறி வருவதும் மேலே சொன்ன உருமாற்றம்தான். அதோடு தவிலும், சனமும், தோளில் தூக்கியவர்கள் சூரனை ஆட்டி ஓடிவருவதும் சேர்ந்தால் 4 வயதுப் பிள்ளை அலறாமல் என்ன செய்யும்?

2 கிழமைக்கு முன் தொடங்குங்கள். உருமாறும் பாத்திரம் உள்ள, பயங்கரமில்லாத குறும்படம் ஒன்றைப் பாருங்கள். பிறகு மட்டையில் இரண்டு முகம் கீறி வெட்டி, ஈர்க்கில் ஒட்டி, பிள்ளையே தலையை மாற்றட்டும். தலையை மாற்றுகிற கை தன்னுடையதாக இருக்கும்போது பயம் குறையும். அடுத்த கிழமை பகலில் கோயிலுக்குப் போய், பொறுப்பானவர்களிடம் கேட்டு, சூரனை வைத்திருக்கும் இடத்தில் அசையாமல் இருக்கும்போது தூரத்தில் நின்று காட்டுங்கள். அது மரம் என்று தொட்டுப் பார்க்க விரும்பினால் தொடட்டும்; தொடு என்று தள்ள வேண்டாம். போர் நாளன்று வீதியின் கடைசியில், திரும்பிப் போக வழியுள்ள பக்கமாக, தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பாருங்கள். தலை மாற்றுகிற ஆளைக் கைகாட்டுங்கள். ஒரு தலை மாறும் வரை நின்றுவிட்டு வீடு வந்தாலும் அந்த ஆண்டுக்கு அது போதும்.

இருட்டுப் பயத்துக்குப் படத்தின் பிறகு என்ன செய்வது?

அன்றைக்கே ஒரு கேள்வி மட்டும்: "குருவிக்குஞ்சு பயந்த உடன என்ன செய்தது?" மறுமொழி வராவிட்டால் விடுங்கள். அடுத்த நாளிலிருந்து படிகள். முதலில் பின்னேர வெளிச்சத்தில் சுவரில் கை நிழல் விளையாட்டு. பிறகு அறையின் லைற்றை அணைத்து, விறாந்தை லைற் எரிய, கதவு முழுதாகத் திறந்திருக்க, உங்களோடு 1 நிமிடம். பிறகு ரோர்ச் பிள்ளையின் கையில். நீங்கள் ஒளித்து வைத்த மூன்று விளையாட்டுப் பொருள்களைத் தேடட்டும். பிறகு நீங்கள் கதவடியில் நிற்க, பிள்ளை தனியே போய்த் தலையணையைத் தொட்டுவிட்டு வரட்டும். பிறகு கதவு பாதி.

ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று நாள் நில்லுங்கள். பயம் உச்சியில் இருக்கும்போது வெளியே ஓட விட்டால், ஓடினதால்தான் தப்பினேன் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். ஆகவே நின்று, மூச்சு அடங்கிய பிறகு வெளியே வரக்கூடிய அளவுக்குப் படியைச் சின்னதாக்குங்கள். அழுகை வந்தால் படி பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு படி இறங்குங்கள். கரண்ட் போன இரவில் புதிய படி எதையும் தொடங்க வேண்டாம்.

நாய்ப் பயத்துக்கும் இதே முறைதான். ஆனால் தெருநாயில் பழக்கக் கூடாது. தடுப்பூசி போட்ட, தெரிந்த வீட்டு நாய், கட்டியிருக்கும் நிலையில், 5 மீற்றர் தூரத்திலிருந்து தொடங்குங்கள். எந்த நாய் கடித்தாலும் நகம் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படம் பார்த்த பிறகு பயம் கூடிவிட்டது, நித்திரை கொள்வதில்லை. என்ன செய்வது?

அந்த அரக்கனைக் கீறச் சொல்லுங்கள். கீறி முடிந்ததும் அதற்கு ஒரு பாவாடையோ சின்னச் செருப்போ போடச் சொல்லுங்கள். சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. படத்தைக் கிழிப்பதா, பெட்டியில் பூட்டுவதா என்பதையும் பிள்ளையே தீர்மானிக்கட்டும். 2, 3 இரவு பக்கத்தில் படுங்கள். பழகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பயங்கரம் தீர்ந்த பகுதியை மட்டும் பகலில், ஒலி குறைத்து, மறுபடி காட்டலாம். ஒரு கிழமையில் அடங்கிவிடும்.

"சாப்பிடாட்டி அந்தப் பூதத்தைக் கூப்பிடுவன்" என்று வீட்டில் ஒருவர் வெருட்டினால் இத்தனையும் வீண். சோறு தீத்தும்போது, குளிக்க வார்க்கும்போது இந்த வசனம் தன்பாட்டில் வாயில் வந்துவிடும். அம்மம்மா, சித்தி, பக்கத்து வீட்டு மாமி எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது.

காட்டுங்கள். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மென்று விழுங்கும் வேலை அது. போதுமானதும் தானே விட்டுவிடும்.

படத்தில் வெடிச்சத்தம் வந்தால் வீட்டில் பெரியவர்களே பதறுகிறார்கள்.

இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பிள்ளை திரையைப் பார்த்துப் பயப்படுவதைவிட, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பயப்படுவது கூட. 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கீழே பள்ளம் தெரியும் கண்ணாடித் தட்டின் மேல் ஒரு வயதுக் குழந்தைகளை விட்டார்கள். தாய் பயந்த முகம் காட்டியபோது ஒரு குழந்தையும் தாண்டவில்லை. சிரித்த முகம் காட்டியபோது பெரும்பாலானவை தாண்டின.

ஷெல் சத்தத்தில் பங்கருக்குள் ஓடிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அவர்களின் பதற்றத்தில் பிழை ஒன்றுமில்லை. வெடி, குண்டு, தாழப் பறக்கும் விமானம் உள்ள படத்தை அவர்கள் கோயிலுக்குப் போன நேரம் பாருங்கள். அல்லது அந்த இடத்தில் ஒலியை முழுதாக நிறுத்துங்கள். பிள்ளை கேட்டால், "அம்மம்மாக்கு அந்தச் சத்தம் முந்தின ஒரு பயத்தை ஞாபகப்படுத்துது, இப்ப நாங்கள் பாதுகாப்பா இருக்கிறம்" என்று உண்மையைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

ஊசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பயம்.

இந்தப் பயத்துக்குப் படம் உதவும் என்பது ஆய்வில் கண்ட விஷயம். 1975இல் மெலமெட், சீகல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சத்திரசிகிச்சைக்கு வந்த 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு, ஒரு சிறுவன் ஆஸ்பத்திரியில் சேர்வது முதல் வீடு திரும்புவது வரையுள்ள படத்தைக் காட்டினார்கள். தன் பயத்தையும் அவன் வாயாலேயே சொல்லுகிறான். பார்த்த பிள்ளைகளின் பதற்றம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. நீங்கள் தெரிவு செய்யும் கார்ட்டூனிலும் ஊசி நோகும் என்று உண்மை சொல்லப்பட வேண்டும். நோகாது என்று சொல்லும் படம் முதல் ஊசியோடு பொய்யாகிவிடும், அதோடு நீங்களும் பொய்யாகிவிடுவீர்கள். 5 வயதுத் தடுப்பூசிக்கு அன்று காலையோ முதல் நாளோ காட்டினால் போதும். 6ஆம் தரத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கப் போடும் எச்.பி.வி. ஊசி போன்றவற்றுக்கு ஒரு கிழமைக்கு முன்பே காட்டிக் கதைக்கலாம். அந்த வயதுக்கு யோசிக்க நேரம் வேண்டும்.

புலமைப்பரிசில் பரீட்சைப் பயத்துக்கு?

"இன்சைட் அவுட் 2" (2024) பதற்றத்தை ஒரு பாத்திரமாகக் காட்டுகிறது. மூச்சுத் திணறி, பிறகு அடங்கும் இடம் 10 வயதுப் பிள்ளைக்கு நன்றாக விளங்கும். ஆனால் பயத்தின் காரணம் வீட்டில் நடக்கும் புள்ளிக் கணக்குப் பேச்சு என்றால், முதலில் நிற்க வேண்டியது அந்தப் பேச்சு.

வாசிகசாலையில் 15 பிள்ளைகளுக்குப் படம் போட விரும்புகிறோம்.

வீட்டுச் சந்தாவில் பார்க்கும் படத்தைப் பொது இடத்தில் போட அனுமதி இல்லை. கார்ட்டூன் செய்யும் இலவச மென்பொருளை உருவாக்கும் பிளெண்டர் நிறுவனத்தின் திறந்த உரிமப் படங்களை, செய்தவர்களின் பெயர் காட்டி, தாராளமாகப் போடலாம். "ஸ்பிரிங்" (2019) அவற்றில் ஒன்று: 8 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, பேச்சில்லை, ஒரு இடைச்சிச் சிறுமியும் அவளது நாயும் பழைய காட்டு ஆவிகளை எதிர்கொள்ளும் கதை. 6 வயதுக்கு மேல் நல்லது. அதே நிறுவனத்தின் "சிண்டெல்" (2010) சோகமும் சாவும் உள்ளது, சின்னவர்களுக்கு வேண்டாம்.

படத்தை முன்கூட்டியே தரவிறக்கி, மடிக்கணினியை முழுதாகச் சார்ஜ் செய்து வையுங்கள். சார்ஜ் லைற் ஒன்றைத் தொடக்கத்திலிருந்தே எரிய விடுங்கள். பயங்கரமான இடத்தில் கரண்ட் போய் மண்டபம் இருண்டால் 15 பிள்ளைகளும் ஒன்றாக அலறுவார்கள். ஒருவரின் அலறல் மற்றவருக்குப் பரவும். முன்வரிசை திரையிலிருந்து 2 மீற்றராவது தள்ளி இருக்கட்டும். ஸ்பீக்கரைத் தரையில், சின்னவர்களின் காதுக்கு நேரே வைக்காதீர்கள். பயந்த பிள்ளைகளை வாசல் பக்கம், பெரியவர் ஒருவரோடு இருத்துங்கள். குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும்: ஒருவர் படத்தைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துக்கொள்ள.

படத்தை இரண்டு தடவை போடுங்கள். முதல் தடவை நிறுத்தாமல். இரண்டாவது தடவை மூன்று இடத்தில் நிறுத்தி, "இப்ப அவளுக்கு உடம்பில எங்க பயம் தெரியுது?" என்று கேளுங்கள். கை, தோள், கண் என்று காட்டுவார்கள். யாருக்குப் பயம் என்று கை உயர்த்தச் சொல்ல வேண்டாம். உயர்த்திய பிள்ளையைத் திரும்பிப் போகும் வழியில் மற்றவர்கள் வெருளி என்று கூப்பிடுவார்கள்.

யூடியூப்பில் போட்டுவிட்டுப் போகலாமா?

தன்னியக்கமாக அடுத்த படம் ஓடும் வசதியை முதலில் அணையுங்கள். பிள்ளைகளின் பாத்திரங்களை வைத்தே யாரோ செய்த கோரமான காணொளிகள் அடுத்ததாக வந்துவிடும். பார்க்க வேண்டியதை ஒரு பட்டியலாகச் சேமித்து, அதை மட்டும் போடுங்கள்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

பயத்தால் பள்ளிக்கூடம் போவது, சாப்பிடுவது, நித்திரை கொள்வது 4 கிழமைக்கு மேலாகக் குழம்பினால்; படுக்கையில் சிறுநீர் கழிப்பது முந்தி நின்றுபோயிருந்து மறுபடி தொடங்கினால்; ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் அல்லது ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குப் போகச் சொன்னால் மட்டும் நடுங்கினால். கடைசியில் சொன்னதற்குப் படமும் படிகளும் வேண்டாம். உடனே பிள்ளையோடு ஆறுதலாகக் கதையுங்கள், சிறுவர் பாதுகாப்புக்கான 1929 இலக்கத்தை அழையுங்கள். மற்றவற்றுக்கு உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம், அல்லது யாழ் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நேரே போகலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. போகும்போது பிள்ளை எதற்கு, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் பயப்படுகிறது என்று ஒரு கிழமைக் குறிப்பைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.